பத்தாம் நம்பர்

நூற்று நாற்பது உருப்படி, ஒரே விலை.
கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி,
குழிக்கு ஒன்றாய்ப் படுத்து மினுங்கின.
கை நிறைந்தால் போதும் என்பவளுக்குக்
கழுதை விட்டையும் போதும்.
இது எனக்கு உறைத்தது பிப்ரவரியில்,
சுசுகியின் அடியில் அட்டை விரித்து மல்லாந்து கிடந்து
எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் ஆறு முனையையும்
அந்தப் பெட்டியின் சாக்கெட்
வழித்து உருட்டி விட்டபோது.

பன்னிரண்டு மூலை வைத்த சாக்கெட்.
மூலை கூடினால் பிடி குறையும் என்று
பெட்டியில் யாரும் எழுதவில்லை.

இழுவை வண்டிக்காரன் வாங்கினான்.
வெல்டிங்காரன் அவனைவிட வாங்கினான்.
பூந்தா அரேனஸில் அந்த வாரம்
கூரைத் தகரத்தைத் தட்டிய காற்றும்
கூலி கேட்கத்தான் வந்ததோ என்றிருந்தது.

அடுத்த சம்பளத்தில்
புது போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வரியில்லாச் சந்தைக்குப் போனேன்.
பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி
எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அறுகோணச் சாக்கெட்டா? போல்ட்டில் மாட்டு, ஆட்டு.
ஆடினால் வேண்டாம்.
குறடா? வாயை மூடி விளக்குக்கு எதிரே பிடி.
பல்லிடுக்கில் வெளிச்சம் கசிந்தால் வை கீழே.
சுத்தியலா? கைப்பிடியின் ரேகை
தலையிலிருந்து வால்வரை ஓடவேண்டும்;
குறுக்கே போனால் ஒருநாள்
தலை மட்டும் பறக்கும்.
விற்பனைப் பையன் இரண்டு முறை கேட்டான்,
"எதையாவது எடுப்பீர்களா, சென்யோரா?"

எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு.
என் வண்டிக்குத் தெரிந்த எண்கள் இவ்வளவுதான்.
படகுச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
ஐந்து சாக்கெட், ஒரு ராட்செட், ஒரு குறடு.
சுத்தியலுக்குக் காசு மிஞ்சவில்லை.
வாளி, பிரஷ், புனல் எல்லாம்
இருப்பதிலேயே மலிவாக எடுத்தேன்;
அவை உடைந்தால் யாருக்கும் முழங்கை பெயராது.

ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில்
ஹூகோ பாராஹோனா தார்ப்பாய்க்கு நாலு மூலையிலும்
கல் வைத்து உட்கார்ந்திருந்தான்.
நண்டுப் படகை விற்றவன், எஞ்சின் அறையையும்
சில்லறையாக விற்றுக்கொண்டிருந்தான்.
துருவேறிய ஒரு திருகு ஸ்பேனர்.
வாயை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.
துரு தோலில்தான், எலும்பில் இல்லை.
பேரம் பேசினேன்; சுத்தியலையும் சேர்த்துத் தந்தான்.
"படகு போனபின் அடிக்க என்ன இருக்கிறது" என்றான்.
சிரித்தானா, குளிரில் பல் கிட்டியதா,
சொல்ல முடியவில்லை.

ஸ்பேனர் ஓரிரவு வினிகரில் கிடந்தது.
சமையலறை முழுக்க ஊறுகாய் நாற்றம்.
காலையில் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்க
ஸ்வீடன் என்று ஐந்து எழுத்து மேலே வந்தது.

ஏப்ரலில் மறுபடி அட்டை, மறுபடி மல்லாப்பு.
பதினேழை மாட்டினேன். ஆடவில்லை.
அழுத்தினேன்.
டக்.
இவ்வளவுதானா என்று கோபம்கூட வந்தது.
முழங்கை வழியே சூடாய் எண்ணெய் இறங்கியது;
புனலை வைக்க மறந்திருந்தேன்.

பெட்டி வாங்கவில்லை. பிஸ்கட் டப்பா போதும்.
ஆனால் பத்து நிற்பதில்லை அதில்.
பத்து இல்லாத டப்பா எதற்கும் பத்தாது,
பேட்டரிக்கும் பத்து, சீட்டுக்கும் பத்து,
தேடினால் மட்டும் பத்து இல்லை.
இரண்டு நாள் காரேஜைத் தலைகீழாக்கினேன்.

செவ்வாய்க்கிழமை, பொர்வெனீர் படகின் சீட்டுக் கவுண்டர்.
ஆட்டு மயிர் கத்தரிக்கும் ஒருத்தர்,
ஒரு நபர், ஒரு பிக்கப்.
சீருடைப் பைக்குள் கைவிட்டு மீதிச் சில்லறையை
கண்ணாடியடியில் தள்ளினேன்.
காசுகளை எண்ணியவர் நிறுத்தினார்.
ஒன்றை விரலில் மாட்டி
வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார்.
ஆறு மூலை.
"நல்லது இது, எங்கே வாங்கினாய்?" என்று
திருப்பித் தள்ளினார் பத்தை.

அவருக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது.
நான் சீட்டின் பின்பக்கம்
கடைக்கு வழி வரைந்துகொண்டிருந்தேன்.